புள்ளி விழுந்த படம்

வெளியே வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன. கரண்ட் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் சாப்பிடவில்லை. தென்காசியில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில், ஆபீஸ் என்று நாங்கள் சொல்லிக்கொள்ளும் ஒற்றை அறையில், ஒரு லேப்டாப்பைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தோம்.

திரையில் ஒரு வீடு. இன்னும் கட்டாத வீடு. அதன் மேல் ரவையை அள்ளித் தூவின மாதிரி படம் பூராவும் புள்ளி புள்ளியாக இருந்தது.

"இதைக் காட்ட முடியாது" என்றேன் நான்.

"இதுதாங்க்கா இருக்கு" என்றான் காசி.

அந்த வீடு மாரியக்காவுக்கு. ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நர்ஸ் உடையோடு வந்திருந்தாள். சேலையின் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு என் முகத்தையும் காசி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மஸ்கட்டுல இருந்து அவுக லைன்ல வாற நேரமாயிட்டு. என்ன செய்ய?" என்று கேட்டாள்.

கீழே பெயிண்ட் கடையிலிருந்து டர்பன்டைன் வாசனை ஏறி வந்தது. அந்த வாசனை இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால், எனக்கு அந்த வெள்ளிக்கிழமையும் அந்தப் புள்ளிகளும்தான் நினைவுக்கு வரும்.

நாங்கள் செய்கிற வேலை

வாரா வாரம் எழுதும் இந்தத் தொடரில் என் கோபத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன், தொழிலைப் பற்றித்தான் சரியாகச் சொல்லவில்லை. வீடு கட்டப் போகிறவர்களுக்கு, அந்த வீடு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் படமாகச் செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஊரில் இதை ‘எலிவேஷன் போடுறது’ என்பார்கள். "அந்தப் பெயிண்ட் கடை மாடியில ஒரு அக்கா போடுதா, நல்லாப் போடுதா, ஆனா வள்ளுனு விழுவா" என்று என்னைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. உண்மைதான்.

காசி என் கூட்டாளி. முழுப்பெயர் காசிவிசுவநாதன். இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர். பாலிடெக்னிக்கில் எனக்கு ஜூனியர். அவனுக்கும் எனக்கும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு சண்டைதான், அது இன்னும் முடியவில்லை.

கம்ப்யூட்டருக்குள் சுவர், ஜன்னல், கதவு எல்லாம் செய்து முடித்த பிறகு, அதன் மேல் வெளிச்சம் விழுந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டுப் படமாக எடுக்க வேண்டும். அதற்குத்தான் ரெண்டர் என்று பெயர். படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கம்ப்யூட்டர் சில ஒளிக்கதிர்களை எறிந்து பார்க்கும். கதிர் தரையில் பட்டு, சுவருக்குத் தாவி, அங்கிருந்து கூரைக்குப் போய், கடைசியில் ஜன்னல் வழியாக வெளியே போகும். அது போன பாதையை வைத்து அந்தப் புள்ளிக்கு இவ்வளவு வெளிச்சம் என்று முடிவு செய்யும்.

கொஞ்சம் கதிர் எறிந்தால் உத்தேசக் கணக்குதான் கிடைக்கும். ஒரு புள்ளி வெளுத்திருக்கும், பக்கத்துப் புள்ளி கறுத்திருக்கும், படம் பொரிப்பொரியாகத் தெரியும். நிறைய எறிந்தால் எல்லாம் சமமாகி, சுண்ணாம்பு பூசின மாதிரி மழமழவென்று வரும். முதலாவதற்கு ஒரு டீயை ஆற்றிக் குடிக்கிற நேரம் போதும். இரண்டாவதற்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும்.

காசி முதல் கட்சி. "சட்டுனு காட்டுவோம். பாக்கவங்க சொல்லட்டும். மாத்துவோம்" என்பான். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவான். ஜன்னலை இழுத்துப் பெரிசாக்குவான், மாடிப்படியைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பான். பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

நான் இரண்டாவது கட்சி. முடியாத படத்தைக் காட்டுவது எனக்குப் பாதி வெந்த சோற்றைப் பரிமாறுகிற மாதிரி. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

செங்கோட்டைச் சாம்பல் வீடு

தொழில் ஆரம்பித்த புதிதில் செங்கோட்டை மரக்கடை முதலாளி ஒருவர் வந்தார். கேரள எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வியாபாரம். ரொம்ப அவசரக்காரர்; வீடு எழும்பிவிட்டது, முன்புற வேலையும் கலரும்தான் பாக்கி. கம்ப்யூட்டரில் சுவர் எல்லாம் வைத்து முடித்து, கலர் கொடுப்பதற்கு முன்னால், அமைப்பை மட்டும் பார்க்கச் சொல்லி காசி ஒரு முன்னோட்டப் படத்தை அனுப்பிவிட்டான். அப்படிப்பட்ட படத்தில் எல்லாமே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். கலர் பிறகுதான்.

நாங்கள் மெனக்கெட்டு சந்தன நிறச் சுவரும் தேக்கு நிறக் கதவுமாக நல்ல படம் எடுத்துக்கொண்டு நேரில் போனால், வீட்டுக்கு முன்புறம் பூராவும் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. சாம்பல். சுவர் சாம்பல், தூண் சாம்பல், கைப்பிடிச் சுவர் சாம்பல். கேட்டுக்கும் அதே கலரைத் தேடிப் பிடித்து அடித்திருந்தார்.

நான் காசியைப் பார்த்த பார்வையில் அவன் வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான். முதலாளி மட்டும் சந்தோஷமாகச் சிரித்தார்.

"நீங்க சொன்ன கலரு கொள்ளாம், நல்லாருக்கு. பாக்கவங்க எல்லாரும் கேக்காங்க" என்றார்.

நல்ல படத்தைப் பையை விட்டு வெளியே எடுக்காமலே திரும்பி வந்தோம். அந்த வீடு இன்றைக்கும் அதே நிறத்தில்தான் நிற்கிறது. பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன்: முடியாத படம் இந்த மாடியை விட்டு இறங்கக் கூடாது.

கட்டம் கட்டமாக

நான் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ரெண்டர் என்றால் கட்டம் கட்டமாகத்தான் வரும். திரையில் ஒரு சின்னச் சதுரம் தோன்றும். அது முழுசாக முடிந்த பிறகு அடுத்த சதுரம். மேலேயிருந்து கீழே வரை அப்படியே நிரம்பும். முடிந்த கட்டம் பளிங்கு மாதிரி இருக்கும், முடியாத இடம் வெறும் கறுப்பு.

மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போவார்கள். நான் போக மாட்டேன். அந்தச் சதுரம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒரு கதவின் கைப்பிடி தெரியும், அப்புறம் அதில் பட்ட ஜன்னல் வெளிச்சம், அப்புறம் அந்த வெளிச்சத்தில் ஒரு தொட்டிச்செடியின் நிழல். யாரோ எங்கேயோ ஒரு வீட்டை விடிய வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். பேச்சுக் கொடுத்தால் எனக்குக் காதில் விழாது.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு அந்தக் கிறக்கம் அதிகமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சீசன் நேரத்தில் குற்றாலத்து மலையில் மேகம் இறங்கியிருக்கும். அடிவாரத்துத் தென்னைமரங்கள் மட்டும் துல்லியமாகத் தெரியும், அதற்கு மேலே ஒன்றுமே இருக்காது. டவுன் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மலை இன்னும் ரெண்டர் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் மேகம் விலகி ஒரு பாறை தெரியும், பாறையில் வெள்ளைக் கோடாகத் தண்ணீர் தெரியும். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். இறங்க வேண்டிய ஸ்டாப்பைப் பல தடவை விட்டிருக்கிறேன். கண்டக்டரும் என்னைத் திட்டி அலுத்துவிட்டார்.

இப்போதெல்லாம் கட்டம் கட்டமாக யாரும் செய்வதில்லை. முழுப்படமும் முதலிலேயே மங்கலாக, புள்ளி புள்ளியாக வந்துவிடும். நேரம் போகப் போகப் புள்ளி குறைந்துகொண்டே வரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். காசி அதைத்தான் செய்யச் சொல்வான். நான் பிடிவாதமாகப் பழைய முறையில்தான் ஓட விடுவேன். அந்த வெள்ளிக்கிழமைப் படத்தையும் அப்படித்தான் ஓட விட்டிருந்தேன்.

மாரியக்கா கேட்ட வெளிச்சம்

மாரியக்கா தென்காசியில் வாடகை வீட்டில் இருந்தாள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கணவர் செல்லத்துரை அண்ணாச்சி மஸ்கட்டில் செக்யூரிட்டி வேலை. "உக்காந்தே பாக்க வேலைதான், ஆனா கண்ணு போயிரும்" என்று அக்கா ஒருமுறை சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இலஞ்சியில், வயல் ஓரமாக, அவர்களுக்கு ஒரு மனை இருந்தது. அதில் வீடு கட்ட வேண்டும் என்பது அக்காவின் ஆசை. அண்ணாச்சிக்கு அந்த ஆசை விட்டுப்போய்விட்டது. மனையை விற்றுவிட்டு மதுரையில் ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம், ஆஸ்பத்திரி பக்கம், ஸ்டேஷன் பக்கம், இந்தக் காட்டில் யார் இருப்பது என்று வருஷம் பூராவும் போனில் சத்தம். வாங்குவதற்கு ஒரு ஆளையும் பிடித்துவிட்டார். திங்கட்கிழமை அந்த ஆள் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "கட்டுனா எப்படி இருக்கும்னு ஒரே ஒரு மட்டம் பாப்பீகளா?"

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. மத்தியானம் காட்டு. பாக்கேன். பாத்துட்டு அதோட விட்டுரணும்" என்று அவர் சொல்லியிருக்கிறார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா எங்கள் மாடி ஏறி வந்தாள்.

"உங்களுக்கு எப்படி வேணும்க்கா? மாடியா, ஓடா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நீ பாத்துப் போடு. எனக்கு ஒண்ணுதான் வேணும். சாயங்காலம் வெயில் மலைக்கு அங்கிட்டுப் போயிருதுல்லா, அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் வெளிச்சம் நிக்கும் பாத்திருக்கியா? வயலு, மரம் எல்லாம் ஒரு மாதிரி மஞ்சளா. அந்த வெளிச்சம் ஹாலுக்குள்ள வரணும். டூட்டி முடிஞ்சு வந்து நான் அதுல உக்காரணும்" என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எத்தனையோ பேர் வந்து தூண் கேட்டிருக்கிறார்கள், கண்ணாடி கேட்டிருக்கிறார்கள். வெளிச்சம் கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான்.

காசி அவனுடைய வேக முறையில் உடனே செய்து காட்டினான். ஹால் பளீரென்று இருந்தது, டியூப் லைட் போட்ட மாதிரி. அக்கா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இது அந்த வெளிச்சம் இல்லையே" என்றாள். அது சரிதான். சூரியன் மறைந்த பிறகு மிச்சமிருக்கும் வெளிச்சம் நேராக வராது. வானத்தில் பட்டு, வயலில் பட்டு, சுவரில் பட்டு, சுற்றிச் சுற்றித்தான் உள்ளே வரும். சீக்கிரமாகச் செய்கிறவன் அந்தச் சுற்றையெல்லாம் விட்டுவிடுவான். பொறுமையாகச் செய்தால்தான் கிடைக்கும், அதிலேயும் இந்த மாதிரி வெளிச்சத்துக்குத்தான் புள்ளி அதிகம் விழும், நேரமும் அதிகம் பிடிக்கும்.

"நான் எடுத்துத் தாறேன்க்கா" என்று வாக்குக் கொடுத்தேன்.

கொப்பு முறிந்தது

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் வியாழக்கிழமை ராத்திரியே ஓட விட்டேன். விடியும்போது மேலே வானம் வந்திருந்தது. பிறகு மலை வந்தது. மலையின் மடிப்பு மடிப்பான நீலம், அடிவாரத்தில் தென்னைகளின் தலை, அவ்வளவு அழகாக வந்துகொண்டிருந்தது. நானே அதில் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். இனி வீடுதான் பாக்கி.

அப்போது சாரலோடு ஒரு காற்று வந்தது. எங்கேயோ மரக்கொப்பு முறிந்து மின்கம்பியில் விழுந்ததாகப் பிறகு சொன்னார்கள். கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கூவிவிட்டு நின்றது.

கடைசியாகச் சேமித்து வைத்த படத்தை லேப்டாப்பில் திறந்து பார்த்தோம். வானம் இருந்தது. மலை இருந்தது. அதற்குக் கீழே கறுப்பு. பார்க்கப் பார்க்கத் திகட்டாத ஒரு மலை, வீடு மட்டும் இல்லை.

"இதைக் காட்டுனா மனை நல்லா இருக்குன்னு வித்துருவாரு" என்றான் காசி. எனக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அவன் அதற்குள் லேப்டாப் பேட்டரியில் அவனுடைய முறையில் ஒரு ரெண்டரைத் தொடங்கியிருந்தான். பெட்டிக் கம்ப்யூட்டரின் பலத்தில் கால்வாசிகூட அந்த லேப்டாப்புக்குக் கிடையாது. முழு வீடும் உடனே தெரிந்தது, மங்கலாக, அக்கா கேட்ட அந்த மஞ்சள் வெளிச்சத்தோடு. மேலே அத்தனை புள்ளி.

"துடைச்சிரட்டுமாக்கா?" என்று கேட்டான். புள்ளிகளைத் தானாகவே அழித்துவிடும் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பிரதி எடுத்து அதில் போட்டுப் பார்த்தான். புள்ளி போனது. கூடவே மலையின் மடிப்பெல்லாம் போய், தவிட்டு மூட்டையை அடுக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது. வயலில் நெல்லும் இல்லை. இலையையும் புள்ளி என்று நினைத்து அதையும் துடைத்துவிட்டது.

"மலை போயிட்டே" என்றாள் அக்கா. முகம் சுண்டிவிட்டது. "வேண்டாம் தம்பி. அந்தப் புள்ளி போட்டதே இருக்கட்டும்."

அப்போதுதான் போன் அடித்தது.

அந்த வீடியோ கால்

காசி போனை வாங்கி, லேப்டாப்பும் பக்கத்தில் நிற்கும் அக்காவும் சேர்ந்து தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டான். திரை அவன் பக்கம் இருந்ததால் அண்ணாச்சியின் முகம் எங்களுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

"அங்கன சாரல் உண்டா?" என்றார். இந்தப் பக்கத்து ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும், ஆனி ஆடியில் போன் செய்தால் முதல் கேள்வி அதுதான். உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு.

"விழுது. கரண்டு இல்லை. படம் கொஞ்சம்..." என்று அக்கா இழுத்தாள். பிறகு விரலை லேப்டாப் திரையில் வைத்தாள். "இந்தா, இது ஹாலு. இது மேக்க பாத்த ஜன்னல். இங்கன உக்காந்தா மலை தெரியும். இது அடுக்களை. இங்கன இருந்து பாத்தாலும் மலை தெரியும்."

லைன் போய்விட்டதோ என்று காசி போனைப் பார்த்தான். இல்லை என்று தலையசைத்தான். அக்காவின் விரல் ஜன்னல் மேலேயே இருந்தது. லேப்டாப் வெளிச்சம் அவள் முகத்தில் அடித்தது. ஒரு மனுஷியின் ஆசை மொத்தமும் இந்த அழுக்குப் படத்தில் வந்து நிற்கிறதே, என் பிடிவாதத்தால் இப்படியாகிவிட்டதே என்று நொந்துகொண்டேன்.

"வீட்டு மேல சாரல் விழுதே" என்றார் அண்ணாச்சி. "படத்துலயே சாரலைப் போட்டுட்டீகளா?"

நான் வாயைத் திறந்தேன். அது சாரல் இல்லை அண்ணாச்சி, புள்ளி, படம் இன்னும் முடியவில்லை என்று சொல்லத்தான். போன் கேமராவில் விழாத உயரத்தில், அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சாதாரணப் பிடி இல்லை. நகம் பதிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆமா" என்றாள் அக்கா.

"சாரல் விழுத வீட்டை எவனாவது விப்பானா?" என்றார் அவர். "திங்கக்கிழமை அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிரு."

போனை வைத்த பிறகு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காசி பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். என்னைப் பார்த்து, "முடியாத படம் மாடியை விட்டு இறங்கிட்டேக்கா" என்றான்.

இன்னொரு படம்

கரண்ட் வந்ததும் அந்த ரெண்டரை மறுபடியும் முதலிலிருந்து ஓட விட்டேன். இந்தத் தடவை முழுசாக முடிந்தது. அக்கா கேட்ட வெளிச்சம் ஹாலுக்குள் வந்து, தரையில் படர்ந்து, எதிர்ச்சுவர் வரை போயிருந்தது. ஒரு புள்ளி கிடையாது. என் கையால் அதைவிட நல்ல படம் இன்றுவரை வந்ததில்லை. அண்ணாச்சிக்கு அனுப்பினேன்.

"நல்லாருக்கும்மா. அந்த முத படத்தையும் அனுப்பி வையி" என்று பதில் வந்தது.

அனுப்பினேன். ஆனால் எனக்கு அது உறுத்தத் தொடங்கிவிட்டது. மனிதர் சாரல் விழும் வீடு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு வந்து பார்த்து, யாராவது உண்மையைச் சொல்லி, ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றினால்? அஸ்திவாரம் போட்ட அன்று அக்காவிடம் கேட்டேன், கான்கிரீட் போட்ட அன்றும் கேட்டேன். "பாத்துக்கிடலாம்ட்டி" என்று மட்டும்தான் சொன்னாள். வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

பால் காய்ச்சிய வீட்டில்

அண்ணாச்சி மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு வந்த பிறகுதான் பால் காய்ச்சினார்கள். அன்றைக்குச் சொட்டுச் சாரல் இல்லை. நல்ல வெயில். புதுச் சுண்ணாம்பு வாசனையும் ஏலக்காய் வாசனையுமாக வீடு நிறைந்திருந்தது. சாயங்காலம் வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, ஹாலில் மேற்கு ஜன்னல் பக்கம் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அக்கா அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போனது. அந்த மஞ்சள் வெளிச்சம் தரையில் நகர்ந்து வந்து எங்கள் கால் பக்கம் நின்றது. நான் படத்தில் பார்த்த அதே இடம். எனக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

அண்ணாச்சி போனைத் திறந்து எதையோ தேடி எடுத்தார். அந்தப் புள்ளி விழுந்த படம்.

"அண்ணாச்சி, அது..." என்று ஆரம்பித்தேன்.

"கோமதி, நான் அங்கன என்ன வேலை பாத்தேன்னு உனக்குத் தெரியுமா?"

"செக்யூரிட்டின்னு அக்கா சொன்னாங்க."

"கேட்டுல நிக்க செக்யூரிட்டி இல்லை. உள்ள, ரூம்ல. சுவர் பூரா டிவி. கேமராவுல வாற படத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும். பொழுது சாஞ்சு வெளிச்சம் குறைஞ்சா படம் பூரா இந்த மாதிரிப் புள்ளி விழும். வருசக்கணக்கா இதைத்தான் பாத்தேன்."

நான் அவரையே பார்த்தேன்.

"அப்பம் அது சாரல் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சாரல் மலையில இருந்து சாஞ்சுல்லா வரும், இப்படி நின்ன இடத்துல நிக்குமா?" என்று சிரித்தார்.

"பிறகு ஏன் அப்படிச் சொன்னீக?"

அவர் போனை மடியில் வைத்தார். "வித்துருவோம், வித்துருவோம்னு வருசம் பூரா சத்தம் போட்டவன் நான். படத்துல வீடு சரியாவே தெரியலைம்மா. அவதான் தெரிஞ்சா. இது ஹாலு, இது ஜன்னலுன்னு விரலை வச்சுக்கிட்டு நின்னா பாரு. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு வித்துருன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. உடனே சரின்னு சொல்லவும் கூச்சமா இருந்துது. அதான் சாரல் மேல பழியைப் போட்டேன்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிராதே. சாரலைப் பாத்து நான் மயங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். அக்கா காப்பியோடு வந்தாள். "என்ன பேச்சு?" என்றாள். "சாரலைப் பத்தித்தான்" என்றார் அவர். அக்கா என்னைப் பார்த்தாள். நான் காப்பியைப் பார்த்தேன்.

இந்த வாரம் எழுதுவதற்கு முன்னால்

வாக்குக் கொடுத்ததால் இத்தனை நாள் இதை எழுதாமல் இருந்தேன். போன வாரம் வேறு எதையோ எழுத உட்கார்ந்து, டர்பன்டைன் வாசனை வந்து, அந்த வெள்ளிக்கிழமையே எழுதுகிற கையில் வந்து நின்றது. சரி, அக்காவிடம் கேட்டுவிட்டு, புள்ளி வரைக்கும் மட்டும் எழுதிக்கொள்ளலாம், அண்ணாச்சி சொன்னதை விட்டுவிடலாம் என்று போன் செய்தேன்.

"எழுதேன். அதுல என்ன இருக்கு?" என்றாள்.

"அண்ணாச்சி சாரல்னு நெனச்சதையும் எழுதலாமாக்கா?"

அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏட்டி, நீ இன்னுமா அதை நம்புத? நாள் பூரா கேமராப் படத்தைப் பாக்க மனுசனுக்குப் புள்ளி தெரியாதா?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவுக சாரல்னு சொன்னாகல்லா, அந்தக் குரலுலயே தெரிஞ்சுட்டு, மனசு மாறிட்டாகன்னு. எறங்கி வர ஒரு வழி தேடுதாக. நீ குறுக்க பூந்து புள்ளி, கிள்ளின்னு சொல்லிட்டா பாவம் மனுசன் எங்கன போவாக? அதான் உன் கையைப் பிடிச்சேன். வலிச்சுதா?"

மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நான் ஏமாற்றுக்குத் துணை போனதாக நினைத்துக் குமைந்தது என்ன, இவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டது என்ன. படம் பார்ப்பதே பிழைப்பாக வைத்திருக்கிற எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது. நான் சொல்லலை."

"பத்திரிகையில வந்தா படிப்பாங்களே?"

"படிக்கட்டும். படிச்சுட்டு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

அண்ணாச்சிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்று கேட்டேன். "அதை நான் பேசிக்கிடுதேன்" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், போனை வைப்பதற்கு முன்னால், இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்கிறதையே நானும் கேட்டேன்.

"அங்கன சாரல் உண்டாக்கா?"

"விழுது" என்றாள் அக்கா. "அவுக ஹால்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காக."